துருவேறி இறுகிப்போன அண்டர்வுட் 5: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கருமை_நாடா

அனைவருக்கும் வணக்கம். கூரை ஒழுகும் கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த அண்டர்வுட் 5 தட்டச்சுப்பொறி ஒன்று சென்ற மாதம் என் கைக்கு வந்தது. இதற்கு முன் இரண்டு சிறிய பொறிகளைத் துடைத்து, ரிப்பன் மாற்றி ஓடவைத்திருக்கிறேன். ஆனால், இந்த அளவுக்குச் சிதைந்த ஒன்றை நான் தொட்டதில்லை.

கேரியேஜ் (தாளைத் தாங்கி இடவலமாக நகரும் மேற்பகுதி) இருபுறமும் அசையவில்லை. 42 எழுத்து விசைகளில் 11 மட்டுமே கீழே இறங்குகின்றன. இறங்கியவை திரும்ப எழுவதில்லை. டைப்பார்கள் (நுனியில் எழுத்தைத் தாங்கித் தாளைத் தாக்கும் கம்பிகள்) ஒன்றோடொன்று ஒட்டித் துருக்கட்டியாகக் கிடக்கின்றன; அவற்றுக்கடியில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருக்கிறது. மெயின் ஸ்பிரிங்கையும் கேரியேஜையும் இணைக்கும் இழுவைப் பட்டை அறுந்து, அதன் நுனி மட்டும் தொங்குகிறது. தாள் சுற்றும் உருளையின் ரப்பர் கல்லாக இறுகி நீளவாக்கில் வெடித்துள்ளது. சிறிய ‘எஸ்’, பெரிய ‘எஸ்’ இரண்டையும் தாங்கும் அச்சுமுகம் அதன் டைப்பாரிலிருந்து கழன்று காணாமற்போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில், முன்பலகையை ஈரவிரலால் மெல்லத் தேய்த்தபோது அழுக்கினடியிலிருந்து பொன்னிற எழுத்து ஒன்று மங்காமல் வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகு இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. முழுப் பொறியையும் வினிகரில் ஊறவைக்கலாமா? மணல் வீசித் துருவை நீக்கிப் புதிதாகக் கருவண்ணம் பூசலாமா? அல்லது உதிரி பாகங்களுக்காகப் பிரித்துவிடுவதுதான் முறையா?

மறுமொழி: உருளையும்_மணியும்

வணக்கம். தயவுசெய்து எதிலும் ஊறவைக்காதீர்கள். அமிலம் துருவை மட்டும் தேர்ந்து தின்பதில்லை. நிக்கல் பூச்சின் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள எஃகையும் அரிக்கும்; திருகுகளின் இடுக்கில் தங்கி, பொறி காய்ந்த பிறகும் வேலையைத் தொடரும். அமிலத்தில் நெடுநேரம் கிடக்கும் ஸ்பிரிங் எஃகு ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. இந்தப் பொறியிலோ விசைக்கு விசை ஒரு ஸ்பிரிங் இருக்கிறது.

பிரித்துவிடலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். அண்டர்வுட் 5, 1900-இல் வெளிவந்து 1930களின் தொடக்கம் வரை மிகப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த பல பொறிகளில் எழுத்துகள் உருளையின் அடியில் போய்த் தாக்கியதால், எழுதியதைப் பார்ப்பதற்குக் கேரியேஜைத் தூக்க வேண்டியிருந்தது. ஃபிரான்ஸ் வாக்னர் வடிவமைத்த, எழுத்துகள் உருளையின் முன்புறத்தைத் தாக்கும் முன்தாக்கு அமைப்பு அந்தச் சிரமத்தை நீக்கியது. அதனால்தான் இந்தப் பொறி அவ்வளவு பரவியது. ஆகவே உங்களிடம் இருப்பது அரிய பொருள் அன்று. ஆனால், அரிதன்று என்பதே அதைக் காப்பாற்றும்: உதிரிக்காக வாங்கக்கூடிய மற்றொரு சிதைந்த பொறி எப்போதாவது கண்ணில் படும். உங்களுடையதைப் பிரிக்க வேண்டாம்.

தொடங்க வேண்டிய இடம் கேரியேஜ். எண்ணெய் விடுவதற்கு முன் அது எதனால் நிற்கிறது என்று கண்டறியுங்கள். முதலில் விளிம்பு நிறுத்திகள் இரண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கேரியேஜை விடுவிக்கும் நெம்பியை அழுத்திக்கொண்டு மெல்ல நகர்த்திப் பாருங்கள். அப்போது நகர்ந்தால் தண்டவாளங்கள் நலமாக உள்ளன. குறை, ஒவ்வொரு தட்டுக்கும் கேரியேஜை ஒரு படி நகரவிடும் எஸ்கேப்மென்ட் பல்சக்கரத்தில் இருக்கிறது. நெம்பியை அழுத்தியும் நகரவில்லை என்றால் துரு தண்டவாளத்தில்தான் இருக்கிறது. அங்கே மட்டும், சொட்டுச் சொட்டாக, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். மறுநாள் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அதையே இருபுறமும் திரும்பத் திரும்ப அசையுங்கள். ஒரே மூச்சில் தள்ளினால் துருத்தூள் உருளும் பாகங்களுக்கடியில் சிக்கித் தண்டவாளத்தில் கீறல் போட்டுவிடும். அந்தக் கீறலை எந்த எண்ணெயாலும் சரிசெய்ய முடியாது.

டைப்பார்களுக்கு வேறு முறை. அவை அசையும் செக்மென்டின் (டைப்பார்களின் அடிமுனைகள் பொருந்தும் பள்ளமிட்ட வளைவுத் துண்டு) ஒவ்வொரு பள்ளமும் மெல்லியது. அங்கே எண்ணெய் தங்கினால் காகிதத் தூசும் அழிப்பான் துகளும் அதில் சேர்ந்து சில மாதங்களில் பசையாகிவிடும். ஒயிட் ஸ்பிரிட் (வண்ணம் கரைக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) தோய்த்த பழைய பல்துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்து, ஒவ்வொரு டைப்பாரையும் கையால் தூக்கி இறக்குங்கள். அழுக்கு வழிந்தோடும்படி பொறியைச் சாய்த்து வைத்து, காய்ந்ததும் மறுபடியும் செய்யுங்கள். துரு விடவே மாட்டேன் என்றால் அந்தப் பள்ளத்துக்கு மட்டும் ஊடுருவும் எண்ணெயைக் காட்டி, அசைந்த பிறகு அதை முழுவதும் கழுவி எடுத்துவிட வேண்டும். முடிவில் செக்மென்ட் உலர்ந்தே இருக்க வேண்டும். வேலை முழுவதும் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு விலகி நடக்கட்டும்.

மறுமொழி: பழமை_காப்போம்

மணல் வீசுவது பற்றி யாரும் இன்னும் பேசாததால் எழுதுகிறேன். அந்தக் கருநிறப் பூச்சு சாதாரண வண்ணம் அன்று. அஸ்ஃபால்ட் கலந்த எனாமலைப் பூசிச் சூளையில் சுட்டு இறுக்கியது. அதன்மேல் பொன்னெழுத்துகளை ஒட்டி, அவற்றுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் பூசியிருப்பார்கள். மணல் வீசினால் இவை அனைத்தும் ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. நீங்கள் ஈரவிரலால் கண்டெடுத்த அந்த எழுத்துதான் இந்தப் பொறியில் எஞ்சியுள்ள மிக மதிப்பான பொருள் என்பது என் கருத்து. மேலும், பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் நல்லதன்று.

ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், அசிட்டோன் ஆகிய எதையும் பூச்சின்மேல் படவிடாதீர்கள். நீரில் மென்மையான சோப்பைச் சில துளி கலந்து, பஞ்சுமுனைக் குச்சியால், முதலில் பின்புறத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் சோதியுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வந்தால் அது பெரும்பாலும் அழுக்கு. பொன்னிறமோ கருமையோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். விசைகளின் கண்ணாடிக்கடியில் இருப்பது காகிதம். வளையத்தின் ஓரத்தில் நீர் கசிந்தால் எழுத்தைச் சுற்றிக் கறை படரும், அது அழியாது. ஆகவே பஞ்சைப் பிழிந்து, ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் துடையுங்கள். உரிந்துபோன நிக்கலை 0000 எண் ஸ்டீல் வூலும் சிறிது எண்ணெயும் கொண்டு மென்மையாகத் தேய்த்தால் போதும். மீண்டும் பூச வேண்டிய தேவை இல்லை.

மறுமொழி: திருகு_மறை

வினிகரை முற்றாக ஒதுக்க வேண்டுமா? கழற்றிய திருகுகளை நான் சில மணிநேரம் அதில் போட்டு எடுத்திருக்கிறேன்; நன்றாகவே வந்தன.

மறுமொழி: உருளையும்_மணியும்

பூச்சில்லாத, தனியாகக் கழற்றிய எஃகுத் திருகு என்றால், எடுத்தவுடன் நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவுவதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும், இரும்புத் துருவை மட்டும் பிணைத்து எடுக்கும் அமிலமற்ற துருநீக்கிகள் கிடைக்கும்போது அவையே பாதுகாப்பானவை.

மறுமொழி: கருமை_நாடா

மூவருக்கும் நன்றி. பதினெட்டு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நெம்பியை அழுத்தியும் கேரியேஜ் நகரவில்லை. துரு தண்டவாளத்தில்தான் இருந்தது. நான்காம் நாள் மாலை, வலப்பக்கம் நகக்கண் அளவு அசைந்தது. ஆறாம் நாள், நெம்பியை விட்டுவிட்டு வலப்பக்கம் தள்ளியபோது பல்சக்கரம் ‘டக் டக்’ என்று எண்ணுவது போல ஒலித்தது. 42 டைப்பார்களில் 39 இப்போது தாமாகவே கீழே விழுகின்றன. குளவிக்கூட்டை மூங்கில் குச்சியால் துண்டு துண்டாக எடுத்தேன். அதனடியில் இருந்த டைப்பார்கள்தான் மிகவும் கெட்டிருந்தன, ஏனெனில் மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இனி இழுவைப் பட்டை, உருளை, காணாமற்போன எழுத்து ஆகிய மூன்றும்தான் மீதம்.

மறுமொழி: உருளையும்_மணியும்

பல்சக்கரம் ஒலித்தது என்று படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

இழுவைப் பட்டைக்குப் பின்னிய மீன்பிடி நூல் போதுமானது. நீளாத வகையாகப் பாருங்கள். ஒரு முனையை மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளியிலும் மறுமுனையை கேரியேஜின் வலக்கோடியிலும் கட்டிய பின், உருளியை ஒவ்வொரு சுற்றாக முறுக்குங்கள். கை நழுவினால் அது விரலைப் பதம் பார்த்துவிடும். வரியின் முடிவில், அதாவது கேரியேஜ் இடக்கோடியை நெருங்கும்போதுதான், இழுவிசை மிகக் குறைவு. அங்கே இடைவெளிப் பட்டையை அழுத்தும்போது தயங்காமல் ஒரு படி நகர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்குவது பல்சக்கரத்தைத் தேய்க்கும்.

வெடித்த உருளைக்குப் புது ரப்பர் போடுவதைத் தவிர நிரந்தர வழி இல்லை. உப்புத்தாளால் தேய்ப்பது மேற்பரப்பின் வழுவழுப்பைப் போக்குமே தவிர ரப்பரை மென்மையாக்காது. அதுவரை, எழுதும் தாளுக்குப் பின்னால் மேலும் இரண்டு தாள்களைச் சேர்த்துச் செருகினால் அச்சுமுகங்களுக்கு அடி குறையும்.

‘எஸ்’ அச்சுமுகத்தை உதிரிப் பொறியிலிருந்து எடுக்கும் முன், இரண்டிலும் எழுத்தளவு ஒன்றுதானா என்று பாருங்கள். ஓர் அங்குலத்தில் 10 எழுத்து விழுந்தால் பைக்கா. 12 விழுந்தால் எலைட். ஈயப் பற்றவைப்பால் ஒட்டிய பிறகு, புதிய எழுத்தை இரு புறமும் சிறிய ‘என்’ நிற்கும்படி தட்டி, அடிக்கோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அது சரியாகும் வரை அந்த டைப்பாரை வேகமாகத் தட்ட வேண்டாம்.

மறுமொழி: கருமை_நாடா

நூல் கட்டிவிட்டேன். மூன்று சுற்று முறுக்கியபோது இடக்கோடிக்கு முன் தயங்கியது. நான்காவது சுற்றில் கடைசி வரை ஓடி, மணியும் அடித்தது. ‘எஸ்’ இருக்க வேண்டிய இடம் மட்டும் ஒவ்வொரு சொல்லிலும் வெற்றிடமாக விழுகிறது. உதிரிப் பொறி கிடைத்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.