தாத்தாவின் ஏர்கன் எது?

குழு: வால்பாறைத் தாத்தா வீடு

நான்: குன்னூரில் ஒரு பழைய சாமான் கடையில் ஏர்கன் ஒன்று பார்த்தேன். தாத்தா வைத்திருந்ததுதானோ என்று சந்தேகம். கடைக்காரர் படம் எடுக்க விடவில்லை. தாத்தாவின் துப்பாக்கி எப்படி இருந்தது? நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள்.

சித்தி: கனமாக இருந்தது

சின்ன மாமா: கறுப்பு

அம்மா: ஞாயிற்றுக்கிழமை திதி. நீ குன்னூரில் என்ன செய்கிறாய்?

அத்தான்: மாப்பிள்ளை, கனமும் கறுப்பும் எல்லா ஏர்கன்னுக்கும் பொருந்தும். முதலில், அதை எப்படி இழுத்தார்கள் என்று கேள். குழலையே மடக்கினால் ஒரு ரகம்: டயானா 27, டயானா 35, பிஎஸ்ஏ மீட்டியர். குழல் அசையாமல் அடியில் ஒரு நெம்புகோலைக் கீழே இழுத்தால் வேறு ரகம்: பிஎஸ்ஏ ஏர்ஸ்போர்ட்டர், வெப்லி மார்க் 3. அடுத்தது ரவையை, அதாவது அந்தச் சின்னக் குண்டை, எங்கே போட்டார்கள் என்பது. முத்திரை என்ன என்பதையும் கேள். இவ்வளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சின்ன மாமா: குழலைத்தான் மடக்க வேண்டும். என் கட்டைவிரல் நகமே சாட்சி.

பெரிய மாமா: அடியில் நெம்புகோல். உன் நகம் போனது கதவிடுக்கில்.

சின்ன மாமா: கதவு என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னதே நீங்கள்தான் அண்ணா

அத்தை: கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த நகக் கதையைக் கேட்கிறேன்

சித்தி: ரவை போடுகிற இடத்தில் சின்னத் திருகு ஒன்று இருந்தது. திருப்பினால் குழி தெரியும். நான் அதில் எறும்பைப் போட்டுவிட்டு அடி வாங்கினேன்.

அத்தான்: சின்ன அத்தை, அதுதான் வேண்டும்! குழலை மடக்கும் ரகத்தில் ரவையைக் குழலின் பின்வாயிலேயே வைத்துவிடலாம், திருகுக்கு வேலையே இல்லை. திருகு இருந்தால் அது நெம்புகோல் ரகம். இப்போது யோசித்துச் சொல்லுங்கள். நெம்புகோலை இழுத்தவுடன் திருகு தானாகத் திறந்ததா, கையால் திறந்தார்களா? ஏர்ஸ்போர்ட்டரில் தானே திறந்துகொள்ளும், கையால் மூடினால் போதும். இன்னொன்று, ஏர்ஸ்போர்ட்டரில் நெம்புகோல் முன்கட்டைக்குள் ஒளிந்திருக்கும். வெப்லியில் குழலுக்கு அடியில் வெளிப்படையாகத் தெரியும். ஏர்ஸ்போர்ட்டர் 1948இல் வந்தது. தாத்தா வேலை பார்த்த காலத்துக்குச் சரியாக இருக்கிறது.

சித்தி: எறும்பு மட்டும்தான் நினைவிருக்கிறது

பெரிய மாமா: கட்டைக்குள் ஒளிந்திருக்கும். துரை ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

அம்மா: அன்பளிப்பா? சம்பளப் பாக்கியில் கழித்துக்கொண்டார் என்றுதான் அம்மா சொல்வாள்.

பெரிய மாமா: அம்மாவுக்குத் துரையையே பிடிக்காது

சித்தி: அப்பா அதை வைத்து எதையும் சுட்டதில்லை. சோலைமந்தி கூரை ஏறினால் ரவை போடாமல் டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அத்தான்: ரவை போடாமலா? ஐயோ. ரவை இருந்தால்தான் அதன் பின்னால் காற்று ஒரு கணம் தேங்கி, உள்ளே ஸ்பிரிங் தள்ளிவரும் பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்கும். இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் உலோகத்தில் மோதும். ஸ்பிரிங் போய்விடும்.

சித்தி: குரங்கு போயிற்றே

அம்மா: அந்த மந்திகள் சமையலறைக்குள் வந்து புளிப்பானையை உருட்டின. யாருக்காவது நினைவிருக்கிறதா?

அத்தை: முத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே

சித்தி: ஒரு பெண். தலைக்கு மேல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நிற்பாள்.

அம்மா: பெண் இல்லை. மூன்று துப்பாக்கிகள், விறகைச் சாய்த்து நிறுத்தியது போல.

அத்தான்: இரண்டும் உண்மையான முத்திரைகள்தான், அதுதான் சிக்கல். மூன்று துப்பாக்கி என்றால் பர்மிங்காம் பிஎஸ்ஏ கம்பெனி. பெண் என்றால் டயானா, வேட்டைத் தெய்வம், வில்லை வீசிவிட்டு ஏர்கன்னைத் தூக்கியிருப்பாள். ஜெர்மனியில் ராஸ்டாட் ஊர்க் கம்பெனி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களுடைய இயந்திரங்கள் ஸ்காட்லாந்துக்குப் போய், மில்ப்ரோ என்ற கம்பெனியும் டயானா பெயரில் துப்பாக்கி செய்தது. ஆக, பெண் இருந்தாலும் ஜெர்மனி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே துப்பாக்கியில் பெண்ணும் மூன்று துப்பாக்கியும் இருக்க வாய்ப்பே இல்லை.

சின்ன மாமா: இரண்டு துப்பாக்கிகள் இருந்தன

பெரிய மாமா: என்ன?

சின்ன மாமா: என் பள்ளிக்கூட நண்பனுடையது ஒன்று. விடுமுறையில் விறகுக் கொட்டகையில் வைத்திருந்தேன். மடக்குகிற ரகம். நகம் போனது அதில்தான்.

சித்தி: அந்தப் பெண் அதில்தான் இருந்தாள்! கொட்டகையில் பார்த்தேன்!

பெரிய மாமா: அப்படியானால் மானேஜர் பங்களா ஜன்னல் கண்ணாடியை உடைத்தது எந்தத் துப்பாக்கி?

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமா: நான் படித்துவிட்டேன்

அம்மா: அந்தக் கண்ணாடிக்காகத்தான் அம்மா அப்பாவின் துப்பாக்கியை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டாள். அண்ணா பெல்ட் அடி வாங்கினார்.

பெரிய மாமா: இரண்டு நாள் உட்கார முடியவில்லை

அத்தை: இதை என்னிடம் சொன்னதே இல்லையே

நான்: துப்பாக்கிக்கு வருவோம். கடையில் இருப்பதில் முத்திரை தேய்ந்துபோயிருக்கிறது. நெம்புகோல் முன்கட்டைக்குள்தான் இருக்கிறது. திருகும் உண்டு. வேறு அடையாளம் ஏதாவது?

பெரிய மாமா: பின்கட்டையின் கழுத்தில் விரிசல். பாக்டரி பிட்டர் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார்.

நான்: கம்பி இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் புதிதாக இருக்கிறது.

சித்தி: வாங்கிவிடு

அத்தை: துப்பாக்கி எல்லாம் வீட்டுக்கு வேண்டாம். போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது?

அத்தான்: என் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துளை 4.5 மி.மீ.யா, 5.5 மி.மீ.யா என்று முதலில் பார் மாப்பிள்ளை. ஏர்ஸ்போர்ட்டர் இரண்டிலும் வந்தது. 2016 ஆயுத விதிகளில் 4.5 மி.மீ. துளையும், ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலும்தான் உரிமத்துக்கு எல்லைக்கோடு. 5.5 என்றால் உரிமம் பற்றி விசாரிக்காமல் பணம் கொடுக்காதே. நெம்புகோலைக் கீழே இழுத்த நிலையில் விசையைத் தொடவே தொடாதே. உள்ளே தோல் வாஷர் காய்ந்து கிடக்கும், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

பெரிய மாமா: சுடுவதற்கா வாங்குகிறோம்

சின்ன மாமா: முன்பணம் நான் அனுப்புகிறேன்

அத்தை: கண்ணாடிக்கும் சேர்த்து அனுப்புங்கள்

அம்மா: வாழை இலை யார் வாங்கி வருகிறீர்கள்? இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நான்: ரசீது யார் பெயரில் போடச் சொல்ல?

சித்தி: பெரியண்ணா பெயரில்

சின்ன மாமா: பணம் நான் தருகிறேனே

பெரிய மாமா: அடி நான் வாங்கினேனே