ரவுண்ட்ஸ் வந்தால் மட்டும் கற்பித்தல் மேம்படுமா?

கரும்பலகை:
அரசு உயர்நிலைப் பள்ளி, 12 ஆசிரியர்கள். தலைமையாசிரியர் தினமும் இரண்டு ரவுண்ட்ஸ் வருகிறார், பாடக்குறிப்பில் தவறாமல் கையெழுத்துப் போடுகிறார். ஆனாலும் வகுப்பில் மாற்றமே இல்லை. கண்டிப்பைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

வகுப்பறை வாசல்:
கண்டிப்பில் கோளாறு இல்லை சார், பார்க்கும் முறையில்தான். வராந்தாவில் நடப்பவருக்கு வகுப்பு அமைதியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். ஆசிரியரும் அந்த அமைதியைக் காப்பாற்றவே முனைவார். சத்தம் வருமே என்று குழுச் செயல்பாட்டை விட்டுவிடுவார். அமெரிக்காவின் மயாமி-டேட் பள்ளிகளில் சுமார் 100 தலைமையாசிரியர்களைக் கவனித்து 2013-ல் வெளியான ஆய்விலும் இதே போக்குதான். எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில் அதிக நேரம் செலவான பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவு. ஆசிரியர்களுக்கு வழிகாட்டிப் பயிற்றுவித்த பள்ளிகளில் கூடுதல்.

தலைமையாசிரியர் வாரம் மூன்று ஆசிரியரின் வகுப்பில், ஆளுக்கு ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்தால் ஒரு மாதத்தில் 12 பேரும் முடிந்துவிடும். முந்தின நாளே சொல்லிவிட்டு, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியரிடமே கேட்க வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுத வேண்டும். மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைத் தாளில் வரைந்து, பதில் சொன்னவர் இடத்தில் ஒரு கோடு. 40 பேரில் அதே ஆறு பேர்தான் பேசியிருக்கிறார்கள் என்றால் அந்தத் தாளே எடுத்துச் சொல்லிவிடும், அறிவுரை தேவைப்படாது. அன்று மாலையே 10 நிமிடம் பேசி, ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மறுபார்வை விட்டுப்போனால் முதல் பார்வையும் வீண்.

மணியோசை:
அந்தத் தாளை, ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் மெமோ கோப்பில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே அடுத்த முறை நடத்திக் காட்டுவார்கள். கணக்கு படித்த தலைமையாசிரியர் தமிழ் வகுப்புக்குப் போகும்போது மூத்த தமிழாசிரியரையும் அழைத்துப் போவது நல்லது. அந்த நேரத்தில் மூத்த ஆசிரியர் எடுக்க வேண்டிய வகுப்புக்கு மாற்று ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும்.

கரும்பலகை:
எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, நலத்திட்டப் பட்டியல் என்று தலைமையாசிரியருக்கு நேரமே இல்லையே?

வகுப்பறை வாசல்:
காலை வருகைப் பதிவு முடிந்தபின், வாரத்துக்கு மூன்று பாடவேளைகளை அவருடைய கால அட்டவணையிலேயே குறித்துவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வரும் பெற்றோரையும் தொலைபேசியையும் உதவித் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ளலாம். பாடக்குறிப்புகளை மொத்தமாக அடுக்கிக் கையெழுத்துப் போடும் நேரம் மிஞ்சும்; பார்க்கப்போகும் வகுப்பின் குறிப்பை மட்டும் முந்தின நாள் நிதானமாகப் படித்தால் போதும்.