அம்பாசிடரில் டாப்பெட் சத்தம்: மொத்த செட்டையும் மாற்றச் சொல்வது யார் கணக்கு?

மார்க்4_மதுரை
ஒரு வாட்ஸ்அப் பதிவு நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. "பழைய அம்பாசிடரில் டாப்பெட் சத்தம் வந்துவிட்டால் அட்ஜஸ்ட் செய்து பிரயோஜனம் இல்லை. ராக்கர், புஷ் ராடு, டாப்பெட், வால்வு எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள்" என்று யாரோ எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதை நம்பி ஒரு தம்பி தன் மார்க் 4-க்கு கொட்டேஷனே வாங்கிவிட்டார். இத்தனைக்கும் ராக்கர் கவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

புதியவர்களுக்கு ஒரு வரி: கேமின் மேடு டாப்பெட்டைத் தூக்கும், அது புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனையான மூக்கு வால்வை அழுத்தித் திறக்கும். பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் மூக்குக்கும் வால்வு நுனிக்கும் நடுவே விட வேண்டிய கேப் 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 15 வைத்த பிறகும் டக் டக் என்று அடித்தால், முதலில் ராக்கரின் மூக்கைப் பாருங்கள். வால்வு தண்டின் நுனி வருஷக்கணக்கில் அடித்து அடித்து அங்கே பள்ளம் விழுந்திருக்கும். ஃபீலர் தகடு அதைவிட அகலம். பள்ளத்துக்குள் இறங்காது, இரண்டு கரையிலும் பாலம் போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பள்ளம் 6 தவ் ஆழம் என்றால் நீங்கள் வைத்தது 15 இல்லை, 21. அப்புறம் சத்தம் வராமல் என்ன செய்யும்? அந்த ராக்கரை மாற்றுங்கள். மற்றதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

லேத்பட்டறை_கோவை
சார், புத்தகம் படித்துப் பேசுவது சுலபம். நாங்கள் தினமும் கையில் கிரீஸோடு நிற்கிறவர்கள். ஒரு ராக்கரை மட்டும் மாற்றி அனுப்பினால் கொஞ்ச நாளில் பக்கத்து ராக்கர் அடிக்கும். வண்டிக்காரர் வந்து எங்கள் சட்டையைப் பிடிப்பார், உங்களை இல்லை. ஒரே கூலியில் எல்லாவற்றையும் முடிப்பதுதான் நியாயம். 15 வைத்தும் சத்தம் போகவில்லை என்றால் டாப்பெட் அடிப்பாகம் போய்விட்டது. அவ்வளவுதான்.

மார்க்4_மதுரை
அவ்வளவுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூக்கில் பள்ளம் இருந்ததா, இல்லையா? பார்த்தீர்களா?

டாப்பெட்டைப் பார்க்க ஹெட் இறக்கவே வேண்டாம். புஷ் ராடை எடுத்துவிட்டு, மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கில் இருக்கும் பக்க மூடிகளைத் திறந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அடிப்பாகத்தில் பொரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். கழற்றுவதற்கு முன்னால் புஷ் ராடு தலையில் டயல் கேஜ் வைத்து எட்டுக்கும் லிஃப்ட், அதாவது எவ்வளவு உயர்கிறது என்று, அளந்து எடுங்கள். ஒன்று மட்டும் குறைகிறதா, கேம் மேடு தேய்ந்திருக்கிறது. அப்போது கேமும் டாப்பெட்டும் சேர்ந்தே போக வேண்டும். புது கேமில் பழைய டாப்பெட்டை உட்கார வைத்தால் புது கேமையும் தின்றுவிடும். இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்காமல் "போச்சு" என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நோவா_திருச்சி
இரண்டு பேருமே சத்தத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். சத்தமே போடாத வால்வுதான் ஆபத்து. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். அதற்கு முன் வந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு உட்காரும் சீட் தனி வளையம் இல்லை, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும். கேப் குறையும். 15 வைத்தது 8 ஆகும், பிறகு பூஜ்யம். எஞ்சின் பட்டு மாதிரி ஓடுகிறது என்று சந்தோஷப்படுவீர்கள், உள்ளே வால்வு எரிந்துகொண்டிருக்கும். எப்போது மாற்றுவது என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒவ்வொரு தடவையும் எக்ஸாஸ்ட் கேப்பை எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் ஹெட்டை இறக்கி கடின சீட் வளையம் போடுங்கள்.

மார்க்4_மதுரை
நல்ல விஷயம். ஆனால் எழுதி வைக்கிற அந்த 8-உம் பள்ளம் விழுந்த ராக்கரில் எடுத்ததுதானே? பள்ளத்தைச் சரி செய்யாமல் எடுத்த எந்தக் கணக்கும் கணக்கே இல்லை.

நோவா_திருச்சி
குறைகிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். உங்களுக்குப் பள்ளத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாதா?

லேத்பட்டறை_கோவை
பள்ளம் பள்ளம் என்கிறாரே, அதை ஆயில் ஸ்டோனில் தேய்த்தால் சமமாகிவிடும். எங்கள் பட்டறையில் கிரைண்டரில் வைத்து வளைவு மாறாமல் எடுத்துக் கொடுக்கிறோம். இதற்குப் போய் ஒரு பதிவா?

மார்க்4_மதுரை
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. ராக்கர் மூக்கில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது. கிரைண்டரில் வைத்தால் அந்தத் தோல் போய் உள்ளே இருக்கும் மெத்து இரும்பு தெரியும். அது எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் சொன்ன "பக்கத்து ராக்கர் கொஞ்ச நாளில் அடிக்கிறது" என்ற கதை இப்படித்தான் வந்திருக்கும்.

ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டைக் கவனித்தீர்களா? புஷ் ராடும் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல்நோக்கித்தான் தள்ளும். அதனால் ஷாஃப்ட் அடிப்பக்கம்தான் தேயும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், கழற்றி அடியில் நகத்தை ஓட்டினால் படி தட்டும். ஷாஃப்டுக்குள் கசடு அடைத்து ஆயில் ஓட்டை மூடியிருந்தால் புது ராக்கர் போட்டும் வீண்.

ஹைவே_சேலம்
எல்லாவற்றுக்கும் காரணம் இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல். அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டீர்கள்.

மார்க்4_மதுரை
ராக்கர் மூக்கில் பெட்ரோல் படுவதே இல்லை, ஆயில்தான் படும். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டரையும் கெடுக்கும். அதற்குத் தனி விவாத இழை ஆரம்பியுங்கள்.

ஹைவே_சேலம்
சரி, ஆயில் என்றே வைத்துக்கொள்வோம். புது ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள், தட்டை டாப்பெட்டுக்கு அது ஆகாது. இது தெரியுமா?

நோவா_திருச்சி
அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான ஆயிலுக்கு இல்லை. அம்பாசிடரில் யார் 5டபிள்யூ-30 ஊற்றுகிறார்கள்?

ஹைவே_சேலம்
ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருஷம் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் இழையிலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

கன்னிஓட்டுநர்_தஞ்சை
அண்ணே, கொட்டேஷன் வாங்கியவன் நான்தான். டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய எந்த வால்வு எப்போது மூடியிருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்க்4_மதுரை
தம்பி, 9 கணக்கு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் 9 வர வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் கையாலேயே எஞ்சினைச் சுற்றலாம். ஃபீலர் தகட்டை வால்வு நுனி அகலத்துக்கு வெட்டிக்கொள், அப்போது பள்ளத்துக்குள் இறங்கும். ராக்கர் மாற்ற வேண்டியிருந்தால் ஷாஃப்ட் மேலிருந்தே வந்துவிடும்.

லேத்பட்டறை_கோவை
பாருங்கள், பையனைக் கவிழ்க்கிறார்! ராக்கர் தாங்கியைப் பிடிக்கிற நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகள். அதை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் தூக்கும், கேஸ்கட் விடும், தண்ணீர் சிலிண்டருக்கும் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கும் இறங்கும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். ஹெட் நட்டு எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். "மேலிருந்தே வந்துவிடும்" என்று நம்பிக் கழற்றிவிட்டு, ஆயில் மோர் நிறத்தில் ஆன பிறகு எங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

மார்க்4_மதுரை
அதைச் சொல்ல வரும் முன்னால் நீங்கள் குதித்துவிட்டீர்கள். தண்ணீரை வடிப்பது யாருக்கும் தெரிந்ததுதான். பள்ளத்தைக் கிரைண்டரில் எடுப்பது பற்றிக் கேட்டேனே, பதில் எங்கே?

லேத்பட்டறை_கோவை
யாருக்கும் தெரிந்தது என்றால் ஏன் எழுதவில்லை? தம்பி, நீ வண்டியை இங்கே கொண்டு வா. செட்டாகப் போட்டுத் தருகிறேன்.

நோவா_திருச்சி
செட் எங்கிருந்து வரும்? 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. கடையில் பெட்டி புதுசாக இருக்கும், உள்ளே இருக்கும் ராக்கர் எந்தப் பட்டறையில் வார்த்ததோ. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழைய ஒரிஜினல் ராக்கர் பள்ளம் இல்லாமல் கிடைக்கும்.

லேத்பட்டறை_கோவை
நான் டூப்ளிகேட் போடுகிறேன் என்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

நோவா_திருச்சி
உங்கள் பெயரைச் சொன்னேனா?

ஹைவே_சேலம்
5டபிள்யூ-30 ஊற்றுகிற மூன்று அம்பாசிடர் எனக்கே தெரியும். போட்டோ போடட்டுமா?

மார்க்4_மதுரை
போட்டோ போடுவதாக இருந்தால் ராக்கரைக் கழற்றி மூக்கை எடுத்துப் போடுங்கள்.

லேத்பட்டறை_கோவை
டூப்ளிகேட் என்று சொன்னவர் முதலில் பதில் சொல்லட்டும். அதுவரை நான் வேறு எதற்கும் பதில் எழுதப் போவதில்லை.