கொக்கின் ஒரே வீச்சா, டிராகனின் இரட்டை வாளா? ரொக்குகன் டூயலில் யார் பக்கம் நியாயம்?

வட்டமேசை:
தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டேன், அதனால் இந்த இழை. நாங்கள் ஆடுவது லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம்; 2010-இல் வந்த நான்காம் பதிப்பு. ஜி.எம்., அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவன், நான்தான். தெரியாதவர்களுக்கு: ரொக்குகன் என்பது சாமுராய் காலத்து ஜப்பானைப் பார்த்துச் செய்த ஒரு கற்பனைப் பேரரசு. பெரிய குலங்கள் பல; ஒவ்வொரு குலத்துக்கும் தனிச் சண்டைப் பள்ளி.

கொக்குக் குலத்து கக்கிதா வீரன் ஒருவன், டிராகன் குலத்து மிருமோட்டோ வீரனின் ஆசானைச் சபையில் வைத்துக் கேலி செய்துவிட்டான். டிராகன்காரன் சவால் விட்டான். முதல் ரத்தம் வரை என்று நீதிபதியும் அனுமதி கொடுத்துவிட்டார். இப்போது டிராகனை ஆடுபவர் சொல்கிறார்: "வலது கையில் கட்டானா என்ற நீள வாள், இடது கையில் வாக்கிஸாஷி என்ற குட்டை வாள். இரண்டையும் உருவிக்கொண்டுதான் நிற்பேன். என் பள்ளி கற்றுக்கொடுத்தது அதைத்தான்." கொக்கை ஆடுபவரோ, "வாள் உறையில் இருக்கணும், ஒரே வீச்சு, அதுதான் டூயல். உருவிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் தெருச்சண்டை" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். என்ன செய்யலாம்?

நீலக்கொக்கு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரொக்குகனில் டூயல் சண்டையே இல்லை, அது வழக்கு. தடயம், துப்பு எதுவும் அங்கே பெரிதாக எடுபடாது. சாமுராயின் வாக்குதான் சாட்சி. இரண்டு பேர் எதிரெதிராகச் சத்தியம் செய்தால் வாள் தீர்ப்புச் சொல்லும். அனுமதி இல்லாமல் வெட்டிக் கொன்றால் அது கொலைக்குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் எப்படி நிற்பது, எப்போது உருவுவது என்பதெல்லாம் நடைமுறை. ஆளாளுக்கு அதை மாற்றிக்கொள்ள முடியாது.

விதிப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. நான்காம் பதிப்பு டூயலுக்கு மூன்று கட்டம். முதலில் அளவிடுதல்: எதிராளியைப் பார்த்தே அவன் திறமை எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று ஒன்றிரண்டு விஷயத்தைப் பிடிக்க முயல்வது. அடுத்து மனத்தைக் குவித்தல்: வெறுமை என்ற வளையத்தை (பாத்திரத்தின் ஐந்து அடிப்படைத் திறன்களில் ஒன்று) வைத்துப் பகடை உருட்டுகிறோம். ஒருவன் ஐந்தோ அதற்கு மேலோ முந்தினால் அவன் முதலில் வீசுவான். இல்லையென்றால் இரண்டு வாளும் ஒரே கணத்தில் இறங்கும். மூன்றாவதுதான் வீச்சு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், முதல் கட்டம் முடிந்ததுமே "நீர் வென்றீர்" என்று தலை வணங்கி ஒதுங்கிக்கொள்ள வழி இருப்பது. வாள் உறையை விட்டு வராமலேயே வழக்கு முடிந்துவிடும். இரண்டு வாளை உருவிக்கொண்டு வருகிறவன் இதில் எந்தக் கட்டத்தில் நுழைவான்?

இரட்டைவாள்:
நீங்கள் சொல்வது கொக்குக் குலம் எழுதிய நடைமுறை. மரகத வீரர் என்பது பேரரசரின் தலைமை வாள்வீரர் பட்டம். அதை முதலில் வாங்கியவர் கக்கிதா, அந்தப் பள்ளிக்குப் பெயர் கொடுத்தவர். அவர் ஜெயித்த முறையே பேரரசுக்குச் சட்டமாகிவிட்டது. ஜெயித்தவன் வீட்டு வழக்கத்தை ஊர்ச் சட்டமாக்கி வைத்துவிட்டு, மற்றவனைப் பார்த்து 'தெருச்சண்டை' என்கிறீர்கள்.

இன்னொன்று. இந்த ஆட்டத்துக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜப்பானின் நிஜ வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645-இல் முடித்த ஐந்து வளையங்களின் நூலிலிருந்து. மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று அதில் ஐந்து பகுதி. நம் பாத்திரத்தின் திறன்களை எழுதும் கேரக்டர் ஷீட்டில் இருக்கிற ஐந்து வளையமும் அதேதான். அந்த முசாஷி எந்தப் பள்ளி? இரட்டை வாள்! மிருமோட்டோ பள்ளியின் பாணிக்கு வைத்திருக்கும் 'நிட்டென்' என்ற பெயரும் அவர் பள்ளியின் பெயர்தான். உயிரைக் கொடுத்துப் போராடும்போது இருக்கிற ஆயுதம் அத்தனையையும் பயன்படுத்தணும், இடுப்பில் ஒரு வாள் உருவாமலே கிடக்கச் சாவது வீண் என்று அவர் மண் பகுதியிலேயே சொல்கிறார். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த மனுஷனின் பாணிக்கே ஆட்டத்துக்குள் அனுமதி இல்லையா?

நீலக்கொக்கு:
அதே மண் பகுதியை இன்னும் கொஞ்சம் படியுங்கள். நீள வாளை ஏன் ஒரு கையால் பழகச் சொல்கிறார்? குதிரை மேல் இருக்கும்போது, ஓடும்போது, சேற்று வயலில், கல்லும் முள்ளுமான தரையில், கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கையாலும் ஒரே வாளைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்கிறார். எல்லாம் போர்க்களத்துக் காரணம். டூயல் நடப்பது பெருக்கிச் சமன் செய்த தரையில், சாட்சிகள் முன்னால். அங்கே எந்தச் சேறு, எந்தக் குதிரை? கன்ர்யூ தீவில் 1612-இல் சசாக்கி கோஜிரோவை அவர் சாய்த்த கதையிலும் கையில் இருந்தது ஒரே ஒரு மரவாள். போருக்கு இரண்டு, ஒற்றைக்கு ஒற்றைக்கு ஒன்று. உங்கள் ஆளே என் பக்கம்தான் நிற்கிறார்.

பகடைப்பாண்டி:
நீங்கள் இரண்டு பேரும் வரலாறு பேசுங்கள், நான் டேபிள் பிரச்சினையைச் சொல்கிறேன். இந்த டூயல் விதி டேபிளில் ஓடாது. இரண்டு பேர் உருட்டுவார்கள், மற்ற நான்கு பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

பகடைக் கணக்கையும் பாருங்கள். கட்டானாவின் சேதம் மூன்று பத்துமுகப் பகடை, அதில் இரண்டை வைத்துக்கொள்ளலாம். பலம் 3 உள்ளவன் என்றால் அதையும் சேர்த்து ஆறு உருட்டி இரண்டை வைப்பான். பத்து விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டணும். சாதாரணமாகவே இருபதை ஒட்டி நிற்கும். மண் வளையம் 2 உள்ள வீரனுக்கு முதல் பத்து காயம்வரைதான் தெம்பு. அப்புறம் நான்குக்கு ஒரு படி இறங்குகிறான். இருபது வாங்கியவனுக்கு அடுத்த உருட்டலில் எட்ட வேண்டிய இலக்கெண்ணே பத்து ஏறிவிடும். அதாவது முதலில் வீசியவன் ஏறக்குறைய ஜெயித்துவிட்டான். யார் முதலில் வீசுவது என்பதையோ ஒரே ஓர் உருட்டல் முடிவு செய்கிறது. இதையா பாணி, பாரம்பரியம் என்று சண்டை போடுகிறீர்கள்? இது டாஸ்.

2018-இல் ஃபேண்டஸி ஃப்ளைட் நிறுவனம் விட்ட ஐந்தாம் பதிப்பு இதை ஓரளவு சரி செய்தது. அதில் சுற்றுக்குச் சுற்று மன அழுத்தம் தானாகக் கூடிக்கொண்டே போகும். எவன் முதலில் நிதானம் தவறுகிறானோ அவனை எதிராளி முடித்துவிடும் வாய்ப்பு வரும். நான்கைந்து சுற்று இழுக்கும், பார்க்கிறவனுக்கும் பதற்றம் இருக்கும். வாள் உருவி நிற்கலாமா கூடாதா என்ற கேள்விக்கும் அங்கே இவ்வளவு கனம் இல்லை.

உறைவாள்:
உண்மையான இயாய், அதாவது உறையிலிருந்து உருவும்போதே வெட்டும் ஜப்பானிய வாள்கலை, பற்றி ஒன்று சொல்லணும். அதன் இன்றைய வடிவமான இயாய்டோ பழகுகிறவன் நான். இந்தக் கலையின் ஆதி ஆசான் என்று சொல்லப்படுபவர் 16-ஆம் நூற்றாண்டின் ஹயாஷிஸாக்கி ஜின்ஸுகே. அவர் வழிவந்த பள்ளிகளில் பல வடிவங்கள் மண்டியிட்டு உட்கார்ந்த நிலையில்தான் தொடங்குகின்றன. காரணம் எளிது. எதிரே உட்கார்ந்திருப்பவன் திடீரென்று பாய்கிறான், உங்கள் வாள் உறையில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? அதற்கான பயிற்சி அது. இரண்டு பேர் நேரம் குறித்துக்கொண்டு, உறையோடு எதிரெதிரே நின்று, யார் முதலில் உருவுவது என்று பார்ப்பதற்காக அந்த வடிவங்கள் பிறக்கவில்லை. பழைய காலத்தில் பள்ளிக்குப் பள்ளி மோதிப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மரவாளில். ஷின்காகே பள்ளி தோலுறைக்குள் பிளந்த மூங்கிலை வைத்துக்கூடப் பழகியது.

'முதல் வீச்சிலேயே முடி' என்ற கொள்கைக்கு உறையே தேவையில்லை. சத்சுமா நாட்டு ஜிகென் பள்ளியைப் பாருங்கள். வாளை முதலிலேயே உருவி, காதோரம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடி வந்து ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டைப் பற்றி நினைக்கவே கூடாது என்பது பாடம். நட்டுவைத்த மரக்கட்டையைக் காலையில் மூவாயிரம், மாலையில் எட்டாயிரம் முறை அடி என்று அவர்களிடம் ஒரு சொல்வழக்கே உண்டு. கொக்கை ஆடுகிறவர் ஒரே வீச்சு வேண்டும் என்கிறாரா, உறை வேண்டும் என்கிறாரா? முதலில் அதைத் தெளிவாக்கச் சொல்லுங்கள்.

நீலக்கொக்கு:
இரண்டும் வேண்டும். உறைவாள் ஐயா சொல்வது ஜப்பான் வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் ரொக்குகன் ஜப்பான் இல்லையே. அங்கே எல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் அசுரர்கள் அலைகிறார்கள், செத்துப்போன மூதாதையர் வந்து பேசுகிறார்கள். அந்த உலகத்தில் உறையில் இருக்கும் வாளுக்கு ஓர் அர்த்தம் உண்டு: கடைசிக் கணம்வரை நான் உன்னை வெட்டவில்லை, நீ மன்னிப்புக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. உருவிவிட்டால் அந்த நேரம் போய்விட்டது.

உறைவாள்:
இதை ஏற்கிறேன், பழகும்போதே தெரிகிற விஷயம்தான். இடது கட்டைவிரலால், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள காவல்தட்டை மெல்லத் தள்ளினால் வாள் உறைவாயிலிருந்து விரற்கடை அளவு விடுபடும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எதிரே நிற்பவனுக்கு மட்டும் அடுத்து வருவது என்னவென்று தெரிந்துவிடும். ஜி.எம். அளவிடும் கட்டத்தை வர்ணிக்கும்போது இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் பாண்டி அண்ணனின் நான்கு பேரும் போனைக் கீழே வைப்பார்கள்.

பகடைப்பாண்டி:
வர்ணனை நல்லாயிருந்தால் விதி நல்லாயிருக்கிறது என்று ஆகிவிடாது தம்பி. உங்கள் ஜி.எம். வாய்ஜாலம் தெரிந்தவர். எங்கள் ஜி.எம். "ரோல் பண்ணு" என்பார், அவ்வளவுதான்.

நண்டுப்பிடி:
நண்டுக் குலம் சார்பில் ஒரு வார்த்தை. நாங்கள் சுவர் மேல் நின்று தலைமுறை தலைமுறையாக அசுரர்களை அடித்துக்கொண்டிருக்கிறோம். எந்த அசுரனும் எங்கள் எதிரே வந்து கும்பிட்டு, மனதைக் குவித்து நின்றதில்லை. இரும்புப் பூண் போட்ட தடிக்கு உறையும் கிடையாது. நீங்கள் பட்டு உடுத்திக்கொண்டு யார் முதலில் உருவுவது என்று பேசுகிறீர்கள். பேசுங்கள், பேசுங்கள்.

விளையாட்டு போகட்டும். எங்களை மாதிரி டூயல் தெரியாத குலத்துக்காரனை எவனாவது வேண்டுமென்றே சீண்டிச் சவாலுக்கு இழுத்தால் என்ன செய்வது? தேள் குலத்துக்காரன் இதைத்தான் செய்வான். அவன் வாளையே தொட மாட்டான், பேசியே உங்களைக் களத்துக்குக் கொண்டுவந்து, தனக்குப் பதில் வேறு ஒரு வாள்காரனை நிறுத்துவான். நீலக்கொக்கு சொல்லும் 'நடைமுறை' அப்போது யாருக்கு நியாயம் வழங்கும்?

இரட்டைவாள்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரே ஒரு முறைக்கு மட்டும் சட்ட அங்கீகாரம் என்றால், அந்த முறையைச் சின்ன வயதிலிருந்து பழகிய குலம் கையில்தான் மொத்த நீதியும் இருக்கும். ட்ஸுமாவில் வருஷா வருஷம் டோபாஸ் போட்டி நடக்கிறது. வயதுக்கு வரும் சாமுராய் பிள்ளைகள் எல்லாக் குலத்திலிருந்தும் வந்து கலந்துகொள்வது. ட்ஸுமா யார் ஊர்? கொக்குக் குலத்து ஊர். கக்கிதா டூயல் கழகமும் அங்கேதான். மற்ற குலத்துப் பிள்ளை அங்கே போய்த் தோற்றுவிட்டு, "அவர்கள்தான் உண்மையான வாள் வீரர்கள்" என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்பும்.

வட்டமேசை அவர்களின் டிராகன் வீரன் இதைத்தான் எதிர்க்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஆசானைக் கேலி செய்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? அந்த ஆசான் கற்றுத் தந்த பாணியைக் கேலி செய்தார்கள். ஆசானின் மானத்தைக் காப்பாற்ற அவன் எதிரியின் பாணியில் நின்று சண்டை போட வேண்டுமா? ஜெயித்தாலும் கொக்கின் வித்தைதான் ஜெயித்ததாகும்.

நீலக்கொக்கு:
அப்படியானால் அவன் முன்கூட்டியே நீதிபதியிடம் கேட்டிருக்கணும். அனுமதி வாங்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, களத்தில் வந்து உருவுவது ஏமாற்று. டூயலில் ஏமாற்றுகிறவன் மானத்தைப் பற்றிப் பேசக்கூடாது. எதிரியின் முறையிலேயே அவனைத் தோற்கடிப்பதுதான் ஆசானுக்குப் பெருமை, என்னைக் கேட்டால்.

வட்டமேசை:
இரட்டைவாள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. கேலியே அந்தப் பாணி மேல்தான். நீலக்கொக்கு சொன்ன 'முன்கூட்டியே கேட்டிருக்கணும்' என்பதையும் தள்ள முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை டூயலை வைக்கப்போவதில்லை. டூயலின் நிபந்தனைகளை நீதிபதி முன்னால் பேசி முடிக்கும் காட்சிதான் அன்றைக்கு. மற்ற நான்கு பேருக்கும் அதில் வேலை இருக்கிறது: சபையில் பேசுகிறவர், மெய்க்காப்பாளர், சாட்சி சொல்ல வருகிறவர் என்று. டிராகன் பக்கம் வாதில் ஜெயித்தால் இரண்டு பேரும் வாளை உருவிய நிலையில், சாதாரணச் சண்டை விதிகளில், முதல் ரத்தம் வரை. தோற்றால் உறை, மூன்று கட்டம், ஒரே வீச்சு. அப்போது டிராகனுக்கு இருப்பது இரண்டே வழி, ஒப்புக்கொள்வது அல்லது சவாலை வாபஸ் வாங்கிப் பெயரை இழப்பது.

நீலக்கொக்கு:
சாதாரணச் சண்டை விதி என்றால் மிருமோட்டோவுக்கு இரண்டாவது கைக்கு அபராதமே இல்லை. கக்கிதாவுக்குப் பள்ளி கொடுத்த பலம் பெரும்பாலும் டூயலில்தான். தராசை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு வாதம் பண்ணு என்கிறீர்கள்.

இரட்டைவாள்:
இத்தனை நாள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?

பகடைப்பாண்டி:
நீதிபதியைச் சம்மதிக்க வைக்க எத்தனை உருட்டல், இலக்கெண் எவ்வளவு? அதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள் ஜி.எம். அன்றைக்கு வந்து வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால் அடுத்த இழையை நான் திறப்பேன்.