19 லிட்டர் பீருக்கு எந்தப் பாத்திரம், எந்த பர்னர்?

ஒரு தடவைக்கு 19 லிட்டர் பீர் காய்ச்ச, பாத்திரமும் ப்ரொபேன் பர்னரும் வாங்கணும். ஒரு மணி நேரக் கொதியில் சுமார் 4 லிட்டர் ஆவியாகும், கசடோடு 2 லிட்டர் அடியில் நின்னுடும். ஆக 25 லிட்டர் வோர்ட்டில் (புளிக்கவைக்கிறதுக்கு முந்தின இனிப்பான தானியச் சாறு) ஆரம்பிக்கணும். 30 லிட்டர் பாத்திரம் போதாது. கொதி வரும் நேரம் புரத நுரை பால் மாதிரி பொங்கி வழிஞ்சு தீயை அணைச்சிடும், கேஸ் மட்டும் வந்துகிட்டிருக்கும். 5 கிலோ மால்ட்டை (முளைகட்டிக் காயவெச்ச பார்லி) பையில் கட்டி முழுத் தண்ணியிலும் ஊறவைக்க 38 லிட்டர்தான் சரி.

குழப்பமே பர்னரில்தான். கனடா குளிரில், வெட்டவெளியில் மணிக்கு 55,000 பி.டி.யு. (வெப்ப அளவு) தர்ற பர்னர் போதுமா? காற்றுத்தடுப்பு கட்டாயமா? ஜெட் பர்னர் வேகம்தான் (இரைச்சலும்தான்!), ஆனா மெல்லிசான அடியில் சர்க்கரை கருகுமே. மூன்றடுக்கு அடிப் பாத்திரத்தில் ஜெட் வெச்சுக் காய்ச்சறவங்க சொல்லுங்க.