முடக்குவாதம் உள்ள கைக்கு ரிவால்வரா, பிஸ்டலா?

கேட்டி வாணி:
அம்மாவுக்கு 66 வயது. ஹூஸ்டனுக்கு வெளியே தனியாக வசிக்கிறார். மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்தால் இரு கை விரல்களும் பலம் இழந்துவிட்டன. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட ஆள் வேண்டும். அடுத்த தெருவில் வீடு புகுந்து திருடினார்கள் என்று தெரிந்ததிலிருந்து துப்பாக்கி வாங்கித் தரச் சொல்கிறார். கிரீன் கார்டு இருக்கிறது, சட்டத் தடை இல்லை. கடைக்காரர் ஐந்து தோட்டா பிடிக்கும் ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்து, "வயதான பெண்களுக்கு இதுதான்" என்றார். நம்பலாமா?

பழைய ரிவால்வர்:
நம்பலாம். பிஸ்டலில் இருப்பதுபோல் பின்னால் இழுத்துத் தோட்டாவை ஏற்றும் மேல்பகுதி, அதாவது ஸ்லைடு, ரிவால்வரில் இல்லை. தோட்டாக்களை அடுக்கும் மகசினின் வில்லோடு மல்லுக்கட்டி அவற்றை அமுக்க வேண்டியதும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுங்கள், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலைத் தளர்ந்த கையால் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை எடுக்க அதே ஸ்லைடைத்தான் இழுக்க வேண்டும். உங்கள் அம்மாவால் முடியுமா?

டாலஸ் இளங்கோ:
ஐயா, நான் சுடுதளத்தில் பயிற்சி கொடுப்பவன். வயதானவர்களுக்கு அந்தச் சின்ன ரிவால்வரை விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்றவற்றின் எடை சுமார் 400 கிராம். விசையை இழுக்கப் பத்து, பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், அதுவும் ஒரே விரலில், ஒவ்வொரு தோட்டாவுக்கும். துப்பாக்கி லேசாக இருப்பதால் பின்னுதைப்பு முழுதும் வீங்கிய மூட்டுகளில்தான் இறங்கும். கடையில் வெற்றுத் துப்பாக்கியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு "முடிகிறது" என்பார்கள். ஐந்து முறை தொடர்ந்து, குறி விலகாமல் இழுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

பிஸ்டலின் ஸ்லைடை நிதானமாக இருக்கும்போது ஒரு முறை இழுத்தால் போதும், உதவிக்கு ஆளும் இருக்கலாம். ஆபத்து நேரத்தில் வேண்டியது விசை மட்டுமே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி பிஸ்டல் இப்படிப்பட்ட கைகளுக்காகவே வந்தது: 2018இல் .380 தோட்டாவுக்கானது, 2020இல் 9 எம்எம் தோட்டாவுக்கானது. ஸ்லைடு வில் மென்மையானது, மகசினில் விரலால் கீழே தள்ளிக்கொள்ளும் பொத்தான் உண்டு. விசையின் கனம் அந்த ரிவால்வரில் பாதிதான்.

பழைய ரிவால்வர்:
ஈஸியின் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புத் தகடு இருப்பதை ஏன் சொல்லவில்லை, தம்பி? உள்ளங்கையால் அதை முழுதாக அழுத்தாவிட்டால் துப்பாக்கி சுடாது. பலமில்லாத கை எப்படி அழுத்தும்? 2020இல் 9 எம்எம் ஈஸியை, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலின் கோளாறுக்காக நிறுவனமே திரும்பப் பெற்றதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எடைதான் பிரச்சினை என்றால் ரூகர் எஸ்பி101 வாங்கட்டும். அதுவும் ரிவால்வர்தான், ஆனால் எஃகு, முக்கால் கிலோ வரும், அவ்வளவாக உதைக்காது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் விசையும் இலகு.

சுகந்தி (கை மறுவாழ்வு சிகிச்சையாளர்):
முடக்குவாதக்காரரின் கட்டைவிரலை நம்பி ஒரு முடிவா, ஐயா? பலருக்கு அந்த விரலும் பழுதாகிவிடும். அதோடு, இழுத்து வைத்த சுத்தியலும் நடுங்கும் கையும் சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கும்.

வாணி, ஸ்லைடை எப்படிப் பிடிக்கிறார் என்று முதலில் பாருங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்தால் இந்தக் கைகளுக்கு வராது. இடது உள்ளங்கையை மேலிருந்து கவிழ்த்து ஸ்லைடை முழுக் கையாலும் பற்ற வேண்டும். துப்பாக்கியை மார்புக்கு அருகே வைத்து, குழல் வாய் ஆபத்தில்லாத பக்கம் பார்த்திருக்க, இடது கையை அசைக்காமல் வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். வேலை செய்வது தோளும் முதுகும், விரல் அல்ல. சின்னத் துப்பாக்கி எளிது என்றும் எண்ண வேண்டாம். வால்தர் பிபிகே போன்ற பழைய .380களில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாது, வில்தான் எல்லா உதையையும் தாங்குகிறது. அதனால் பல பெரிய 9 எம்எம் பிஸ்டல்களைவிட அதன் ஸ்லைடு கடினம்.

இன்னொன்று: காலையில் எழுந்தவுடன் இந்தக் கைகள் எப்படி விறைத்திருக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். சுடுதளத்துக்கு எல்லோரும் மதியத்துக்கு மேல் போகிறார்கள், அப்போது எல்லாம் முடியும். விடியற்காலைக் கைக்குத்தான் துப்பாக்கி வேண்டும்.

ஆஸ்டின் குமரன்:
.22 என்ற சின்னத் தோட்டா ஏன் கூடாது? உதையே இருக்காது.

டாலஸ் இளங்கோ:
.22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருக்கிறது, வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். பிஸ்டலில் அப்படி ஆனால் ஸ்லைடை இழுத்தாக வேண்டும். ரிவால்வர் என்றால், விளிம்பை ஓங்கி அடிக்க வேண்டியிருப்பதால் விசை இன்னும் கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் குறி தப்பாத .22, கையில் எடுக்கவே பயப்படும் .38 ரிவால்வரைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுகந்தி சொன்னதோடு சேர்த்து, குழல் மேலெழும் பெரெட்டா டாம்கேட்டையும் பார்க்கலாம். ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்முனை எழும்பும், தோட்டாவைக் கையாலேயே வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொட வேண்டாம். .32 சிறிய தோட்டாதான். சிக்கினால் எடுப்பதும் கடினம், அதில் ஐயாவின் வாதம் நிற்கிறது.

மீனாட்சி, பிளேனோ:
பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடா? 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் டெக்சஸில் அதுவே குற்றமாகலாம். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் பொத்தான்களை அந்த விரல்களால் அழுத்த முடியுமா என்பதையும் இதே கண்டிப்போடு சோதியுங்கள். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது, கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அவர்களுக்குத் துப்பாக்கியைத் தடுக்கிறது.

கேட்டி வாணி:
பிள்ளைகள் வாரந்தோறும் வருவார்கள், எனவே பெட்டிதான் முதலில். சனிக்கிழமை காலை, மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன்பே, சுடுதளத்தில் ஈஸி .380ஐயும் எஸ்பி101ஐயும் வாடகைக்கு எடுத்து அம்மாவையே சுடச் சொல்லப் போகிறேன். தோட்டாவை நாமே கொண்டுபோகலாமா?

டாலஸ் இளங்கோ:
வாடகைத் துப்பாக்கிக்குப் பல இடங்களில் அவர்களிடம்தான் தோட்டா வாங்க வேண்டும். முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு எஸ்பி101இல் உதை அதிகமான .357 தோட்டாவைப் போடவே கூடாது, .38 மட்டும்.

பழைய ரிவால்வர்:
அந்தத் தகட்டை அழுத்த முடிந்ததா என்று வந்து எழுதுங்கள், வாணி.