மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் கட்டடப்பொருள் மொத்த வியாபார நிலையம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளைகள் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் விற்பனை, இருப்பு, கணக்கு மூன்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றினோம்.

பொருத்தித் தந்தவர்கள் முதல் மூன்று மாதம் நன்றாகவே கவனித்தார்கள். இலவசக் காலம் முடிந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நேற்று மூதூரில் இணையம் விட்டுவிட்டு வந்ததில், 40 மூடை சீமெந்துக்கான பில் இரண்டு முறை பதிவாகிவிட்டது. கிட்டங்கியில் மூடைகள் அடுக்கியபடி இருக்கின்றன, திரையிலோ இருப்பு இல்லை. அங்கே பில் போடும் தங்கை பழைய கொப்பியைத் திரும்பவும் எடுத்துவிட்டாள். எவ்வளவு பாடுபட்டு அவளைப் பழக்கினோம்!

நாங்கள் பிழை என்கிறோம். அவர்கள் புதிய வேலை என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானதைப் போல நாளை இன்னொரு மாற்றம் வந்தால் யாரிடம் போவது?

பிழை எது, மாற்றம் எது என்று ஒப்பந்தத்தில் எப்படிப் பிரித்து எழுதினீர்கள்? விற்பனையே நின்றுபோனால் எத்தனை மணிநேரத்தில் ஆள் வர வேண்டும்? திருத்தங்களை முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா? மாதிரி ஒப்பந்தம் இருந்தால் பெயர்களை மறைத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை முதலாளியோடு இதைப் பேச வேண்டும்.